புதிய பூம்பாக்ஸ் பாடாதபோது: அறிகுறியைக் கொண்டு குறை காணும் வழி

கைப்பிடி, இரட்டை ஸ்பீக்கர், கேசட் கதவு, இழுத்தால் நீளும் ஏரியல் என்று 1980களின் பெட்டியைப் போலவே வடிக்கப்பட்டு, உள்ளே புளூடூத் பலகையும் சில மாதிரிகளில் லித்தியம் பேட்டரியும் வைத்து வரும் பூம்பாக்ஸ்களைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பழைய பெட்டிகளுக்காக எழுதப்பட்ட பழுதுக் குறிப்புகள் இவற்றுக்குப் பாதிதான் பொருந்துகின்றன. புளூடூத் ஸ்பீக்கர்களுக்காக எழுதப்பட்டவை கேசட்டின் பக்கமே வருவதில்லை. என்னிடம் உள்ள பெட்டிகளிலும் நண்பர்கள் தூக்கிக்கொண்டு வந்த பெட்டிகளிலும் ஒரே சில குறைகளே திரும்பத் திரும்ப வந்தன. அவற்றை எந்த வரிசையில் பார்த்தால் வீணாகத் திருகாணியைக் கழற்றாமல் தப்பலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்தக் குறையானாலும் முதலில் மூன்று மாற்றங்களைச் செய்து பாருங்கள். ஒலி வரும் மூலத்தை மாற்றுங்கள்: கேசட்டில் வரும் குறை ரேடியோவிலும் புளூடூத்திலும் வருகிறதா? மின்சாரம் வரும் வழியை மாற்றுங்கள்: சுவர் மின்சாரத்தில் வரும் குறை செல்லில் (உள்ளே போடும் பேட்டரியில்) ஓடும்போதும் வருகிறதா? கேசட், பென் டிரைவ், கைப்பேசி ஆகியவற்றில் எது தொடர்புடையதோ அதை மாற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்த வேலை குறை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று காட்டிவிடும். அதைச் செய்யாமல் பெட்டியைத் திறந்தவர்கள்தான் நல்ல பகுதியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. அடாப்டர் வெளியே தனியாக இல்லாமல், மின்கம்பி நேராகப் பெட்டிக்குள் செல்லும் மாதிரிகளில் மின்வழங்கிப் பலகை உள்ளேயே இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் அத்தகைய பலகையின் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும்; கம்பியைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடும் என்று நம்ப முடியாது. இந்தப் பலகையைத் தொடும் எந்த வேலையும் பழகிய மெக்கானிக்குக்கு உரியது.

## அறிகுறி: பெட்டிக்கு உயிரே வரவில்லை

### சுவர் மின்சாரத்திலும் செல்லிலும் வரவில்லை

பழைய பாணிப் பெட்டிகள் சிலவற்றில் தனியான ஆன் பொத்தான் இருப்பதில்லை. மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் நகர்த்து விசை ‘டேப்’ என்ற இடத்தில் இருந்தால், ப்ளே விசையை அழுத்தும் வரை பெட்டி அணைந்தே இருக்கும், விளக்குகூட எரியாது. முதலில் விசையை ரேடியோவுக்கு நகர்த்தி, வால்யூமைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். பழுது என்று என்னிடம் வந்த பெட்டிகளில் சில இந்த ஒரே அசைவில் பாடத் தொடங்கின.

அதன் பிறகு ஹெட்போன் துளையைப் பாருங்கள். துளைக்குள் உள்ள மெல்லிய தகடு, செருகியை எடுத்த பிறகும் விலகியே நின்றுவிட்டால், பெட்டி ஓடிக்கொண்டிருந்தாலும் ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். ஹெட்போன் செருகியைப் பத்து முறை செருகி எடுத்தாலே பெரும்பாலும் தகடு தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

### சுவர் மின்சாரத்தில் மட்டும் வரவில்லை

முதலில் மின்கம்பியை மாற்றுங்கள். எட்டு வடிவத் துளை கொண்ட கம்பி பல கருவிகளுக்குப் பொதுவானது என்பதால் வீட்டிலேயே இன்னொன்று கிடைக்கும். அடாப்டரில் ஓடும் பெட்டியானால், வேறு அடாப்டரைச் செருகும் முன் மூன்றையும் ஒப்பிடுங்கள்: வோல்ட் அளவு பெட்டியில் அச்சிட்டதற்குச் சமமாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்று காட்டும் சிறு வட்டப் படமும் ஒத்திருக்க வேண்டும். மூன்றாவதைப் பாராமல் செருகிப் பலகையை எரித்தவர்கள் இருக்கிறார்கள்.

வேறு நாட்டிலிருந்து வரவழைத்த பெட்டியானால், பின்புறம் 110, 220 என்று மாற்றும் சிறு விசை உண்டா என்று பாருங்கள். 110இல் வைத்துவிட்டு 230 வோல்ட்டில் செருகியிருந்தால் ஃபியூஸோ, டிரான்ஸ்ஃபார்மரோ போயிருக்கும். விசையை இப்போது மாற்றுவதால் பயனில்லை, மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஃபியூஸை மட்டும் மாற்றி மீண்டும் செருகிப் பார்ப்பது வேண்டாம்.

### செல்லில் மட்டும் வரவில்லை

மின்கம்பி பெட்டியின் பின்புறத் துளையில் செருகியபடியே இருக்கிறதா? பல பெட்டிகளில் அந்தத் துளைக்குள் ஒரு விசை உண்டு. கம்பியின் முனை உள்ளே நுழைந்ததும் அது செல்லின் தொடர்பைத் துண்டித்துவிடும். கம்பியின் மறுமுனை சுவரில் இல்லாவிட்டாலும், இந்த முனை பெட்டியில் இருக்கும் வரை செல் வேலை செய்யாது. புதிய செல் எட்டையும் வாங்கிப் போட்டு ஏமாந்தவர்களுக்கு முதலில் நான் சொல்லும் பதில் இதுதான்.

கம்பியை எடுத்தும் வரவில்லையென்றால் செல்களை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். புதிய அல்கலைன் செல் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 1.2க்குக் கீழே இறங்கியதைக் கொண்டு பெட்டியை ஓட்ட முடியாது. எட்டில் ஒன்று செத்திருந்தாலும் ஒன்றைத் திருப்பிப் போட்டிருந்தாலும் மொத்த வரிசையும் சோர்ந்துவிடும். பழையதும் புதியதும் கலக்காதீர்கள்.

மீண்டும் சார்ஜ் செய்யும் நிக்கல் செல்கள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான் என்பதால், எட்டுச் செல் பெட்டிக்கு 12க்குப் பதிலாக 9.6 வோல்ட்தான் கிடைக்கிறது. வால்யூமைக் கூட்டியதும் பெட்டி அணைந்து மீண்டும் எழுந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பெரிய டி அளவு உறைக்குள் சிறிய செல்லை வைத்து விற்பவை உண்டு. கையில் எடுத்தாலே எடையில் தெரிந்துவிடும். அவை சீக்கிரமே தீர்ந்துபோகும்.

செல் அறையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அல்கலைன் செல் கசிந்திருக்கிறது. கையுறை அணிந்து, எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, பின் ஈரத்துணியால் ஒற்றி, நன்றாக உலரவிடுங்கள். சுருள்கம்பியின் முலாம் போய்க் கறுத்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்கலாம். கசிவு சுருள்கம்பி வழியே உள்கம்பிக்குள் ஏறிப் பச்சை படர்ந்திருந்தால் அந்தக் கம்பியையே மாற்ற வேண்டும். சால்டரிங் தெரியாதவர் இங்கே நிறுத்திவிடலாம்.

## அறிகுறி: பாடிக்கொண்டே இருந்து தானாக அணைகிறது

சரியாகப் பதினைந்து, இருபது நிமிடம் என்ற கணக்கில் அணைந்தால் அது பழுதன்று. ஒலி வரவில்லை என்று கருதித் தானே உறங்கும் வசதி பல புதிய பெட்டிகளில் உண்டு. கைப்பேசியை நேராகப் பெட்டியோடு இணைக்கும் ஆக்ஸ் கம்பி வழியே மிகக் குறைந்த வால்யூமில் கேட்டால் பெட்டி அதையும் மௌனமாகக் கருதிவிடும். கைப்பேசியின் ஒலியைக் கூட்டி, பெட்டியின் வால்யூமைக் குறைத்து வைத்தால் சிக்கல் தீரும். கணக்கில்லாமல், பாட்டில் பறை அதிரும் இடங்களில் அணைந்தால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். செல்லையும் அடாப்டரையும் பாருங்கள்.

## அறிகுறி: புளூடூத் இணைய மறுக்கிறது, அல்லது விட்டுவிட்டுக் கேட்கிறது

வீட்டில் வேறொருவரின் கைப்பேசி ஏற்கெனவே இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இந்தப் பலகைகள் கடைசியாக இணைந்த கருவியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பக்கத்து அறையில் இருக்கும் கைப்பேசிகூட முந்திக்கொள்ளும். அதன் புளூடூத்தை அணைத்துவிட்டு, உங்கள் கைப்பேசியில் பெட்டியின் பெயரை நீக்கி, மீண்டும் புதிதாக இணையுங்கள். எண் கேட்டால் பெரும்பாலும் 0000 ஏற்கப்படும். அப்படியும் வரவில்லையென்றால், பெட்டியை அணைத்து மின்கம்பி, செல் இரண்டையும் எடுத்து, சில நிமிடம் கழித்து மீண்டும் போடுங்கள்.

விட்டுவிட்டுக் கேட்டால் தூரத்தைக் குறையுங்கள். 10 மீட்டர் என்பது திறந்த வெளிக் கணக்கு. இடையில் ஒரு சுவரோ, கைப்பேசியைப் பையில் வைத்திருப்பவரின் உடலோ வந்தாலே அது சுருங்கிவிடும். வைஃபை ரூட்டரும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. பெட்டியை அவற்றின் அருகே வைக்காதீர்கள்.

படம் பார்க்கும்போது உதட்டசைவுக்குப் பின்னால் ஒலி வருவதைப் பழுது என்று எண்ண வேண்டாம். அது புளூடூத்தின் இயல்பு; ஆக்ஸ் கம்பியைப் பயன்படுத்துங்கள். அதே ஆக்ஸ் கம்பியில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்து, அந்தக் கைப்பேசி பெட்டியின் யூஎஸ்பி துளையிலிருந்தே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால், சார்ஜ் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பெட்டியில் குறை இல்லை; இரண்டு கம்பிகளும் ஒரே பெட்டிக்குள் ஒரு சுற்றாக இணைந்ததுதான் காரணம்.

## அறிகுறி: பென் டிரைவை, மெமரி கார்டைப் படிக்கவில்லை

பெரும்பாலான பெட்டிகள் ஃபேட்32 என்ற கோப்பு அடுக்கும் முறையில் வடிவமைத்த (ஃபார்மட் செய்த), 32 ஜிபி வரையிலான அட்டைகளையே படிக்கும். அதற்கு மேற்பட்ட கொள்ளளவு கொண்ட மெமரி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைக்கப்பட்டே விற்கப்படுகின்றன என்பதால், புதிய கார்டு செருகியதும் பெட்டி மௌனமாக இருப்பதில் வியப்பில்லை. சிறிய பென் டிரைவை ஃபேட்32இல் வடிவமைத்து, நான்கைந்து எம்பி3 பாடல்களை மட்டும் போட்டுச் சோதியுங்கள். அவை பாடினால் துளை நலமாக இருக்கிறது. முன்பு பாடாதவை ஃபிளாக் போன்ற வேறு வடிவக் கோப்புகளாக இருந்தால், அவற்றை அந்தப் பெட்டிக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவே. பாடல்கள் பெயர் வரிசையில் வராமல் முன்பின்னாக வந்தால், ஃபோல்டரை வெற்றாக்கி, நீங்கள் விரும்பும் வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுங்கள். பல பெட்டிகள் நகலெடுத்த வரிசையிலேயே பாடும்.

## அறிகுறி: கேசட்டின் ஒலி மந்தமாக, துணி போர்த்தியது போல் இருக்கிறது

இங்கேதான் நான் அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன். இன்று வரும் பூம்பாக்ஸ்களில் மிகப் பலவற்றின் கேசட் பொறி, டனாஷின் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் எளிய வடிவமைப்பைப் பார்த்துச் செய்த நகலே. வெளித்தோற்றம் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே குடும்பம் என்பதால், ஒரு பெட்டியில் கற்றது அடுத்த பெட்டியிலும் பயன்படுகிறது.

முதலில் கேசட்டை மாற்றுங்கள். பழைய கேசட்டின் முன்வாயில், நாடாவுக்குப் பின்னால், ஒலியைப் படித்தெடுக்கும் பாகமான ஹெட்டை நோக்கி நாடாவை அழுத்தும் ஒரு சிறு கம்பளித் திண்டு உண்டு. ஒட்டுப்பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தால் எந்தப் பெட்டியிலும் அந்தக் கேசட் மந்தமாகத்தான் பாடும். கெட்டுப்போன இன்னொரு கேசட்டிலிருந்து திண்டை எடுத்து ஒட்டலாம்.

எல்லாக் கேசட்டுகளும் மந்தமாக இருந்தால் ஹெட்டைத் துடையுங்கள். மின்சாரத்தை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து, கேசட் இல்லாமல் ப்ளே விசையை அழுத்தினால் ஹெட்டும், நாடாவை நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரும் முன்னே வந்து நிற்கும். 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து, ஹெட்டின் பளபளப்பான முகத்தை நாடா ஓடும் திசையிலேயே துடையுங்கள். பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். பக்கத்தில் நிற்கும் மெல்லிய எஃகு அச்சையும் இப்படியே துடைக்க வேண்டும். ரப்பர் ரோலரைக் குறைந்த ஈரத்தில் விரலால் சுழற்றித் துடைத்து, உடனே உலர்ந்த குச்சியால் ஒற்றிவிடுங்கள். பத்து நிமிடம் உலர்ந்த பின்பே கேசட்டைப் போடுங்கள். மந்தம் என்று வருபவற்றில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே குணமாகிவிடும்.

துடைத்தும் தீரவில்லையென்றால் ஹெட்டின் சாய்வு மாறியிருக்கலாம். ஹெட்டின் இரு பக்கமும் உள்ள திருகாணிகளில் ஒன்றின் கீழ் சிறு சுருள்வில் இருக்கும். அதைத் திருகினால் ஹெட் மிக நுண்ணிய அளவில் சாயும். தொழிற்சாலையில் பதிவுசெய்து விற்கப்பட்ட நல்ல கேசட்டுகள் மூன்றையாவது போட்டுப் பார்த்து, மூன்றும் மந்தம் என்று உறுதியான பின்பே திருப்புளியை எடுங்கள். திருகாணியின் தலையில் இப்போதைய நிலையை மையால் குறித்துக்கொண்டு, பாடல் ஓடும்போதே இரு பக்கமும் எட்டில் ஒரு பங்குச் சுற்றுக்கு மேல் போகாமல் மெதுவாகத் திருப்பி, தாளத் தகடுகளின் ‘ச்ச்’ ஒலி மிகத் தெளிவாக எழும் இடத்தில் நிறுத்துங்கள். வீட்டில் பதிவுசெய்த ஒரே கேசட்டுக்காகச் சாய்வை மாற்றினால் மற்ற எல்லாக் கேசட்டும் மந்தமாகிவிடும்.

கடைசியாக எதிர்பார்ப்பையும் அளந்துகொள்ள வேண்டும். இந்த எளிய பொறிகளில் டால்பி இரைச்சல் குறைப்பு இருப்பதில்லை. மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒலி பின்னணியில் தொடர்ந்து கேட்பதும், டால்பியில் பதிவான கேசட் சற்றுக் கூர்மையாகக் கேட்பதும் குறையன்று.

## அறிகுறி: பாட்டு இழுக்கிறது, ஓடுகிறது, அலைகிறது

### எப்போதும் ஒரே அளவில் வேகம், அல்லது மெதுவு

செல்லில் மட்டும் மெதுவாக ஓடினால் செல் தீர்ந்துவருகிறது. இரண்டு மின்வழியிலும் அப்படியே என்றால் அளந்து பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம்: இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட கேசட் ஒன்றில் ஒரு பாடல் தொடங்குவதிலிருந்து சில பாடல்கள் தள்ளி இன்னொன்று தொடங்கும் வரை நேரம் குறியுங்கள், கைப்பேசியில் உள்ள அதே பாடல்களின் நேரங்களைக் கூட்டி, பாடல்களுக்கு இடையே உள்ள மௌன நொடிகளையும் சேர்த்து ஒப்பிடுங்கள். பத்து நிமிடத்தில், அதாவது 600 விநாடியில், 18 விநாடி வேறுபட்டால் அது 3 விழுக்காடு. சுருதி அரைக்கட்டை மாறிக் கேட்டால் வேறுபாடு ஏறத்தாழ 6 விழுக்காடு. ஓரிரண்டு விழுக்காட்டை இந்தப் பொறிகளில் நான் பொறுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் என்றால் திருத்தலாம்.

மோட்டாரின் பின்முகத்தில் உள்ள சிறு துளைக்குள் வேகத்தைத் திருத்தும் திருகு இருக்கிறது. அடாப்டரிலோ செல்லிலோ ஓடும் பெட்டியானால், கைப்பிடி முழுவதும் காப்புள்ள மெல்லிய திருப்புளியால், ஓடும்போதே மயிரிழை அளவு திருப்பிக் கேட்கலாம். மின்வழங்கி உள்ளேயே இருக்கும் பெட்டியானால், சுவர் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, செல்லில் ஓடவிட்டு, அந்தப் பலகை இருக்கும் பக்கம் கை போகாமல் செய்ய முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள். ஐயம் இருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

### வேகம் கூடியும் குறைந்தும் அலைகிறது

பியானோ, வீணை, நாதஸ்வரம் போன்று நீண்டு நிற்கும் சுரங்களில்தான் அலைவு தெரியும். வேறு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். நெடுநாள் கிடந்த கேசட்டில் நாடா இறுகியிருக்கும்; அதை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, ஒருமுறை முழுவதும் முன்னோக்கி, ஒருமுறை முழுவதும் பின்னோக்கிச் சுற்றினால் இளகிவிடும். மொத்தம் 120 நிமிடம் ஓடும் சி-120 கேசட்டின் நாடா மற்றவற்றைவிட மெல்லியது. இத்தகைய எளிய பொறிகளில் அதைப் போடுவதை நான் தவிர்த்துவிடுகிறேன்.

எல்லாக் கேசட்டிலும் அலைந்தால் ரோலரையும் எஃகு அச்சையும் துடையுங்கள். சீரான இடைவெளியில் ‘தப், தப்’ என்று அலைந்தால் ரோலரில் பள்ளம் விழுந்திருக்கிறது. ப்ளே விசை அழுத்தியபடியே, மின்சாரம் இல்லாமல், பெட்டி மாதக்கணக்கில் கிடந்ததன் விளைவு அது. ரோலரை மாற்றுவதே வழி.

அடுத்தது பெல்ட். பின்மூடியைக் கழற்றினால் மோட்டாரையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் வளையம் தெரியும். தளர்ந்து தொங்கினாலும், விரலில் கறுப்பாக ஒட்டினாலும் மாற்றுங்கள். பழைய பெல்ட்டை இரண்டாக மடித்துத் தட்டையாக வைத்து அளந்தால் வருவது பாதிச் சுற்றளவு. பெல்ட் நீண்டுபோயிருக்கும் என்பதால் புதியதை ஏறத்தாழ 5 விழுக்காடு சிறியதாக வாங்குங்கள். பெல்ட்டின் வெட்டுமுகம் சதுரமா தட்டையா என்பதும் ஒத்திருக்க வேண்டும். உருகி ஒட்டிய பழைய ரப்பரைச் சக்கரங்களிலிருந்து ஆல்கஹாலால் முழுவதும் துடைத்த பின்பே புதியதைப் போடுங்கள்; மிச்சமிருக்கும் பிசின் புதிய பெல்ட்டையும் வழுக்கவைக்கும். பெல்ட்டை மாற்றியும் மோட்டார் கிறீச்சிட்டால் மோட்டாரையே மாற்ற வேண்டும்; அது மெக்கானிக் வேலை.

## அறிகுறி: நாடா சிக்கிக்கொள்கிறது

இழுக்காதீர்கள். ஸ்டாப் விசையை அழுத்தி, மின்சாரத்தை எடுத்து, கதவைத் திறந்து, கேசட்டைச் சற்று மட்டும் உயர்த்தி, நாடா எங்கே சுற்றியிருக்கிறது என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ரோலரைச் சுற்றியிருந்தால் அதை ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் விரலால் சுழற்றினால் நாடா தளர்ந்து வரும். வெளியே வந்த நாடாவை முறுக்கு இல்லாமல் நேராக்கி, ஆறு பக்கப் பென்சிலால் உள்ளே சுற்றிவிடுங்கள். அந்தக் கேசட்டைச் சில நாள் ஓரமாக வைத்துவிட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை முக்கியமில்லாத கேசட்டைக் கொண்டே சோதியுங்கள். திரும்பக் கிடைக்காத குடும்பக் குரல்கள் உள்ள கேசட்டைப் பழுதான பெட்டியில் இன்னொரு முறை போட்டுப் பார்ப்பதைப் போன்ற துயரம் இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை.

காரணம் காண, கேசட் இல்லாமல் ப்ளே விசையை அழுத்துங்கள். நாடாவைச் சுருட்டும் அச்சு சுழல வேண்டும். விரல் நுனியால் தொட்டால் சற்று எதிர்த்து, பின் வழுக்கி நிற்க வேண்டும். சுழலவே இல்லை, அல்லது தொட்டதும் செத்துப்போகிறது என்றால், ரோலர் தள்ளும் நாடாவை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று பொருள்; நாடா பொறிக்குள் குவிகிறது. பெல்ட்டோ, அந்த அச்சுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் சிறு பற்சக்கரமோ குறை. பற்சக்கரத்தில் விரிசல் இருந்தால் தனியே தேடி அலைவதைவிட முழுப் பொறியையே மாற்றுவது எளிது; ஒரே குடும்ப வடிவம் என்றாலும், திருகாணித் துளைகளையும் கம்பிகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பின்பே வாங்குங்கள்.

அச்சு நன்றாகச் சுழன்றும் சிக்கினால் ரோலரில் பிசுக்கு இருக்கிறது. துடையுங்கள்.

## அறிகுறி: பதிவு விசை இறங்கவில்லை, அல்லது பதிவு நன்றாக இல்லை

விசை இறங்காவிட்டால் கேசட்டின் முதுகைப் பாருங்கள். மூலையில் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கு உடைக்கப்பட்டிருந்தால் பதிவு தடுக்கப்பட்டிருக்கிறது. பதிய வேண்டும் என்றால் அந்தக் குழியை ஒட்டுநாடாவால் மூடுங்கள். கேசட் இல்லாமலும் பல பெட்டிகளில் அந்த விசை இறங்காது. அழுத்தி உடைக்க வேண்டாம்.

பதிவில் பழைய பாடலின் நிழல் கேட்டாலோ இரைச்சல் மிகுந்திருந்தாலோ ஹெட்டுகளைத் துடைத்துப் பாருங்கள். எளிய பொறிகள் பலவற்றில் அழிக்கும் வேலையைச் செய்வது ஒரு சிறு நிலைக்காந்தமே. அதனால் பின்னணி இரைச்சல் சற்றுக் கூடவே இருக்கும். அத்தகைய பெட்டியில் காந்தநீக்கிக் கருவியை நுழைக்காதீர்கள். அந்தக் காந்தமும் வலுவிழக்கக்கூடும். சாதாரண வகைக் கேசட்டையே பயன்படுத்துங்கள். குரோம், மெட்டல் வகைகளில் இந்தப் பெட்டிகள் நன்றாகப் பதிவதில்லை.

## அறிகுறி: ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது

கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்பில் இட, வல ஒலிச் சமநிலை ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேசட்டில் மட்டும் ஒரு பக்கம் என்றால் ஹெட்டின் பாதியில் அழுக்கு, அல்லது ஹெட்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பி அறுந்திருக்கிறது. எல்லா மூலத்திலும் ஒரு பக்கம் என்றால் ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். ஹெட்போனில் இரண்டு பக்கமும் வந்தால் ஹெட்போன் துளையோ ஸ்பீக்கரோ குறை; ஹெட்போனிலும் ஒரு பக்கம் என்றால் பெருக்கிப் (ஆம்ப்ளிஃபையர்) பலகை, மெக்கானிக் வேலை.

ஸ்பீக்கரைச் சோதிக்க, அதன் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. ஒன்றை மறக்காதீர்கள்: இப்போதைய பெருக்கிகள் பலவற்றில் இரண்டு ஸ்பீக்கரின் எதிர்க்கம்பிகளை ஒன்றாக இணைக்கவோ உலோகச் சட்டத்தில் தொடவோ கூடாது. வெளி ஸ்பீக்கர் இணைக்கும் ஆசையில் அப்படிச் செய்தால் பெருக்கி அந்த நொடியிலேயே போய்விடும்.

தாழ்ந்த ஒலியில் கடகடவென்று அதிர்ந்தால் ஸ்பீக்கரைக் குற்றம் சொல்லும் முன், கைப்பிடி, செல் மூடி, மடித்த ஏரியல் ஆகியவற்றைக் கையால் பிடித்துக்கொண்டு கேளுங்கள். பிடித்ததும் அடங்கினால் அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பளித் துணி போதும். சிறு ஸ்பீக்கரில் ஒலியே இல்லை என்று கவலைப்படுபவர்கள், அதன் பின்னால் கம்பி செல்கிறதா என்று பாருங்கள். சில மாதிரிகளில் அது அழகுக்காக வைத்த வெறும் கூம்பு.

## அறிகுறி: ரேடியோவில் இரைச்சல்

செல்லில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அடாப்டர்தான் அதை உண்டாக்குகிறது. நிற்காவிட்டால் அறையில் உள்ள எல்இடி விளக்குகளையும் கைப்பேசி சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். ஏஎம் நிலையத்துக்கு, வெளியே நீளும் ஏரியல் உதவாது. உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியே அதைப் பிடிக்கிறது. ஆகவே பெட்டியையே கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். எஃப்எம்முக்கு ஏரியலை முழுவதும் இழுத்து, ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளத்தில் வைத்து, சாய்வை மாற்றிக் கேளுங்கள். ஏரியலை அடிப்பகுதியில் தொட்டு அசைத்தால் இரைச்சல் ஏறி இறங்குகிறது என்றால் உள்ளே அதைப் பிடிக்கும் திருகாணி தளர்ந்திருக்கிறது.

## அறிகுறி: வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது

இரு முனையிலும் முட்டி நிற்கும் குமிழானால், பெட்டியை அணைத்து, முப்பது முறை முழுவதுமாகத் திருப்புங்கள். தீராவிட்டால் மின்னணுப் பாகங்களுக்கான கான்டாக்ட் கிளீனரை அதன் பின்துளையில் சிறிது தெளித்து மீண்டும் திருப்புங்கள். துரு நீக்கும் பொது எண்ணெய் வேண்டாம், அது தூசியைப் பிடித்துவைக்கும். முட்டாமல் சுற்றிக்கொண்டே போகும் குமிழில் கரகரப்பு வராது. மாறாக வால்யூம் எகிறும் அல்லது பின்னோக்கிப் போகும். அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

## அறிகுறி: உள் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, மூடி உப்புகிறது

மூடி உப்பினாலோ, இனிப்பும் காரமும் கலந்த இரசாயன வாடை வந்தாலோ, அந்த நொடியே சார்ஜைப் பிடுங்குங்கள். மறுபடி செருகிச் சோதிக்க வேண்டாம். குத்தவோ நசுக்கவோ கூடாது. எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். உப்பவில்லை, நேரம் மட்டும் குறைந்துவிட்டது என்றால், அதே வோல்ட் அளவும் காப்புப் பலகையும் கொண்ட பேட்டரித் தொகுதியை வாங்கலாம். செருகி ஒன்றுபோல் இருந்தாலும் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் இடம் மாறி வருவதுண்டு. அளந்த பின்பே இணையுங்கள்.

## அறிகுறி: அலமாரியில் இருந்த பெட்டி பிசுபிசுக்கிறது

கைப்பிடியிலும் குமிழிலும் பூசிய மென்ரப்பர் பூச்சு காலப்போக்கில் இளகிப் பிசினாகும். மறைவான இடத்தில் முதலில் சோதித்துவிட்டு, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் பூச்சு முழுவதும் போய்ப் பிளாஸ்டிக் வெளிப்படும். எழுத்துகள் அச்சிட்ட பக்கத்தில் செய்யாதீர்கள். எழுத்தும் சேர்ந்து போய்விடும். வரிசையில் காத்திருக்கும் பெட்டிகளில் செல்லை எடுத்துவிட்டு, ப்ளே விசை மேலே நிற்கிறதா என்று பார்த்து, லித்தியம் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் வைத்து, மாதம் ஒருமுறை ஒரு கேசட்டின் இரு பக்கமும் ஓடவிடுங்கள்.

## மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

‘பாடவில்லை’ என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். எந்த மூலத்தில் வருகிறது, எந்த மின்வழியில் வருகிறது, ஓடத் தொடங்கி எவ்வளவு நேரத்தில் வருகிறது, நீங்கள் எதைத் துடைத்தீர்கள், எந்தத் திருகாணியைத் திருப்பினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். கழற்றிய திருகாணிகளை ஒன்றுகூட விடாமல் உறையில் போட்டுக் கொடுங்கள். நீளம் மாறிய திருகாணி முன்முகத்தைத் துளைத்துவிடும். குறையைக் காட்டும் கேசட்டையோ பென் டிரைவையோ உடன் அனுப்புங்கள். ஆனால் அந்தக் கேசட் ஒரே பிரதியாக இருந்தால் அதை வீட்டில் வைத்துக்கொண்டு வேறொன்றை அனுப்புங்கள்.